குழந்தைகள் இல்லத்திலிருந்து வெளியேறும் இளைஞருக்கு நிலையான தங்குமிடம்: துணை நிற்போருக்கான வழிமுறை

குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்த ஒருவர், 18 வயது நிறைந்ததும் அங்கிருந்து வெளியேற வேண்டியிருக்கிறது. பெற்றோருடன் வளரும் பிள்ளையை அந்த வயதில் யாரும் பெட்டியைக் கட்டச் சொல்வதில்லை. போக்கிடம் இல்லாத பிள்ளையிடம் மட்டும் அதை எதிர்பார்ப்பது கொடுமை. தமிழ்நாட்டில் அத்தகைய ஒருவர் தெருவுக்கு வந்துவிடாதபடி இல்லப் பணியாளரோ, ஆசிரியரோ, தன்னார்வலரோ செய்யக்கூடியவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை, அவருக்குரிய பிற்காப்பு உதவியை, அதாவது இல்லத்தை விட்டு வெளியேறிய பிறகும் தொடரும் அரசு ஆதரவைக் கேட்டுப் பெறுவது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 46ஆவது பிரிவு, இல்லத்தை விட்டு வெளியேறுவோருக்கு நிதியுதவி வழங்க இடமளிக்கிறது. அச்சட்டத்தின் கீழ் மத்திய அரசு வகுத்த 2016ஆம் ஆண்டின் மாதிரி விதிகளின்படி 21 வயது வரையிலும், சிறப்புச் சூழ்நிலைகளில் 23 வயது வரையிலும் பிற்காப்பு தரலாம். 6 முதல் 8 பேர் சேர்ந்து தங்கும் தற்காலிகக் குழு வீடு, தொழிற்பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை ஆகியவையும் அதில் அடங்கும். மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் கீழ் மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகைக்கும் வழியுண்டு. வெளியேறுவதற்கு 2 மாதங்களுக்கு முன்பே அதற்கான திட்டத்தைத் தயாரித்துக் குழந்தைகள் நலக் குழுவிடம் அளிக்க வேண்டும் என்று விதி சொன்னாலும், என்னைக் கேட்டால் அது மிகவும் தாமதம். 17 வயது தொடங்கும்போதே பேச்சைத் தொடங்கிவிடுவது நல்லது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு என்ற அரசு அலுவலகத்தில் வாய்மொழியாகக் கேட்டுவிட்டுத் திரும்பாமல், எழுத்து மூலம் மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஆவணங்கள். பிறப்புச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல்கள், சாதிச் சான்றிதழ், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றின் அசல்கள் இல்லத்தின் அலமாரியில் இல்லாமல் அவர் கைக்கு வந்திருக்க வேண்டும். பலரும் கவனிக்காத ஒன்று உண்டு: ஆதாரில் இணைத்திருக்கும் கைப்பேசி எண் இல்லக் கண்காணிப்பாளருடையதாக இருந்தால், வெளியேறிய பிறகு ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ஓடிபி வேறொருவர் கைக்குப் போகும். வெளியேறும் முன்பே அவருடைய சொந்த எண்ணை இணைத்துவிடுங்கள். 10 வயதுக்குள் பெற்றோரை இழந்து, அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இல்லத்தில் வளர்ந்த ஆதரவற்ற பிள்ளைகள் தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இடம்பெறுகிறார்கள் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. அந்தச் சான்றிதழ் கையில் இருந்தால், கல்லூரியில் சேரும்போது உணவும் உறைவிடமும் இலவசமாகக் கிடைக்கும் பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிக்கு விண்ணப்பிக்கலாம். மேற்படிப்புக்குப் போகிறவருக்கு அதைவிடப் பாதுகாப்பான தொடக்கம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

வேலைக்குப் போகிறவர் நிலைதான் சிக்கலானது. ஜவுளிக்கடை, உணவகம், நூற்பாலை ஆகிய இடங்களில் சாப்பாடும் தங்குமிடமும் சேர்த்தே தருவதால், இல்லத்திலிருந்து நேராக அங்கே அனுப்பிவிடுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் அந்த வேலை போகும் நாளிலேயே கூரையும் போய்விடும். அந்த அச்சத்தினாலேயே குறைந்த கூலியையும் அவமதிப்பையும் பொறுத்துக்கொண்டிருப்போர் ஏராளம். வேறு வழியின்றி அத்தகைய வேலையில் சேர்ந்தாலும், தனியாக ஓர் அறை எடுப்பதற்கான பணத்தை முதல் மாதச் சம்பளத்திலிருந்தே சேர்க்கத் தொடங்கச் சொல்லுங்கள். பெண்களுக்கு, அரசின் தோழி விடுதி அருகில் இருந்தால் முதலில் அங்கே இடம் கேளுங்கள்.

வாடகைக்கு அறை தேடும்போது, சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாத வாடகையே தாங்கும். 12,000 ரூபாய் சம்பளக்காரர் 4,000 ரூபாய்க்குத் தனி அறை தேடினால் பெருநகரங்களில் எளிதில் கிடைக்காது. நம்பகமான இருவர் மூவர் சேர்ந்து ஒரு வீடு எடுப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும். வீட்டுக்காரர் முதலில் கேட்பது பெரும்பாலும், "அப்பா என்ன பண்றாரு, சொந்த ஊர் எது?" என்பதாகத்தான் இருக்கும். அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்பதை இளைஞரே முடிவு செய்யட்டும். பொய் சொல்லவும் வேண்டியதில்லை, முழுக் கதையையும் சொல்லவும் வேண்டியதில்லை. "நான் இன்ன இடத்தில் வேலை பார்க்கிறேன், இவர் எனக்குத் தெரிந்தவர், எதுவானாலும் இவரையும் கேட்கலாம்" என்று அவர் சொல்லும்போது பக்கத்தில் நீங்கள் நிற்பது பெரிய பலம். அவருக்குப் பதிலாக நீங்களே பேசிவிடாதீர்கள்.

முன்பணம்தான் பெரிய தடை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாதவரை 3 மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. ஆகவே கையெழுத்திடும் முன் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் தொகையை நிதானமாகப் படியுங்கள். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அச்சட்டப்படி வாடகை ஒப்பந்தங்களைப் பதிவு செய்யும் வாடகை அதிகார அமைப்பில் பதிவாக வேண்டும், அதில் இளைஞரின் பெயர் இடம்பெற வேண்டும். முன்பணத்தை வங்கி வழியாகச் செலுத்தினால் பின்னாளில் தகராறு வராது. மின்கட்டணம் யூனிட்டுக்கு எவ்வளவு, தண்ணீர், பராமரிப்புச் செலவு யாருடையது என்பவற்றையும் அன்றே கேட்டுவிடுங்கள்.

குடியேறிய முதல் சில மாதங்கள் மிக முக்கியமானவை. இல்லத்தில் மணியடித்தால் சாப்பாடு கிடைத்த பிள்ளைக்கு, கேஸ் தீர்ந்துபோவதும் தனியாகக் காய்ச்சலில் படுப்பதும் புதிய அனுபவங்கள். வாரம் ஒருமுறை பேசுங்கள், மாதம் ஒருமுறை நேரில் போங்கள். வாடகை தாமதமாகும் என்று தெரிந்தால், தேதி கடப்பதற்கு முன்பே வீட்டுக்காரரிடம் சொல்லப் பழக்குங்கள். தகவலே சொல்லாமல் இருப்பதுதான் பெரும்பாலும் வீட்டைக் காலி செய்யச் சொல்லும் நிலைக்குக் கொண்டுபோகிறது.

ஏற்கனவே தெருவில் இருப்பவரானால், சென்னையில் மாநகராட்சியின் 1913 எண்ணில் வீடற்றோர் காப்பகம் பற்றிக் கேட்கலாம். 18 வயது நிறையாதவருக்கான உதவி எண் 1098, பெண்களுக்கான உதவி எண் 181. காப்பகத்தில் இடம் கிடைத்த மறுநாளே, 21 வயது ஆகாதவராக இருந்தால், பிற்காப்பு மனுவை எழுதத் தொடங்குங்கள். அறை அமைந்தவுடன், அந்த வாடகை ஒப்பந்தத்தைக் கொண்டு ஆதார், வங்கிக் கணக்கு, வாக்காளர் அட்டை ஆகியவற்றில் இல்லத்தின் முகவரியை நீக்கி, அவர் வாழும் முகவரியைப் பதிவு செய்துவிடுங்கள்.