பிள்ளைக்கு உடம்பு சரியில்லையா? இங்கிலாந்துக்குப் புதிதாக வந்த பெற்றோருக்கு

ஊரில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அன்று மாலையே கிளினிக்குக்குப் போய் ஊசியோ மருந்தோ வாங்கிவிடுவோம். இங்கே ஜீபி (குடும்ப மருத்துவர்) பார்த்துவிட்டு, "வைரஸ்தான், கால்பால் (பாரசிட்டமால் சிரப்) கொடுங்கள், தண்ணீர் நிறையக் குடிக்கட்டும்" என்று அனுப்பிவிடுவார். பெரும்பாலும் அவர் சொல்வது சரிதான், வைரஸுக்கு ஆன்டிபயாட்டிக் கேட்காது. ஆனாலும் சில நாள் உங்கள் மனசு "இது வேற மாதிரி இருக்கு" என்று அடித்துக்கொள்ளும். அதை வாய்விட்டுச் சொல்லாமல் கிளம்பாதீர்கள்.

பெற்றோரின் கவலைக்கு இங்கே மருத்துவ மதிப்பு உண்டு. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் காய்ச்சல் பற்றி, சிகிச்சை முறைகளை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பு மருத்துவர்களுக்குத் தந்துள்ள வழிகாட்டுதலில், காய்ச்சல் அடிக்கிறது என்று பெற்றோர் சொன்னால் அதை ஏற்று அக்கறையோடு கவனிக்க வேண்டும் என்றே இருக்கிறது. தெர்மாமீட்டர் இல்லை, தொட்டுப் பார்த்தேன் என்று தயங்காமல் சொல்லலாம்.

"பயமாயிருக்கு" என்பதோடு நிறுத்தாமல், என்ன மாறியிருக்கிறது என்று சொல்லுங்கள். எவ்வளவு காய்ச்சலிலும் விளையாடுகிறவள் இன்று தூக்கினால் தோளில் துவண்டு கிடக்கிறாள், பால் பாதிகூட இறங்கவில்லை, காலையிலிருந்து நாப்பி (டயப்பர்) நனையவில்லை. இவைதான் மருத்துவருக்கு வேண்டிய செய்திகள். கூடவே, "திஸ் இஸ் நாட் நார்மல் ஃபார் மை சைல்ட்" (என் பிள்ளை வழக்கமாக இப்படி இருக்காது) என்று ஒரு வரி. ஆங்கிலம் தடுமாறினால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், மருத்துவ ஆலோசனைக்கான 111 என்ற தொலைபேசி எண்ணிலும் கேட்கலாம், காசு கிடையாது. மூத்த பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள், பாவம்.

மூன்று மாதத்துக்குள் உள்ள குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் தொட்டாலே உடனே 111-ஐ அழையுங்கள். மூச்சு விட முடியாமல் முனகுவது, விலா எலும்புக்கடியில் சதை உள்ளே இழுப்பது, எழுப்பியும் எழாதது, கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தியும் மறையாத தடிப்பு, இதில் ஒன்று இருந்தாலும் ஆம்புலன்ஸுக்கு 999-ஐ அழையுங்கள். தடிப்பு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், மூளைக்காய்ச்சலில் அது வராமலும் போகலாம். நம் பிள்ளைகளின் நிறத்தில் நீலம் பாய்வதும் வெளிறுவதும் சட்டென்று தெரியாது. உதடு, நாக்கு, உள்ளங்கை, உள்ளங்கால் பாருங்கள். வாட்ஸப்பில் அம்மாவிடம் கேட்பது நல்லதுதான், ஆனால் 999-ஐ அழைத்த பிறகு.

வார்டில் சேர்த்த பிறகும் இதே பேச்சுதான். 2021-இல் மார்த்தா மில்ஸ் என்ற 13 வயதுச் சிறுமி லண்டன் மருத்துவமனையில் செப்சிஸால் (கிருமித் தொற்று முற்றி உறுப்புகளைப் பாதிக்கும் நிலை) இறந்தாள். மகள் மோசமாகிக்கொண்டு வருகிறாள் என்று பெற்றோர் சொன்னதற்கு உரிய கவனம் கிடைக்கவில்லை. அவர்கள் விடாமல் போராடியதில் 2024-இலிருந்து இங்கிலாந்து மருத்துவமனைகளில் 'மார்த்தாஸ் ரூல்' நடைமுறைக்கு வந்தது. பிள்ளை மோசமாகிறது, யாரும் காது கொடுக்கவில்லை என்று தோன்றினால், இரவு பகல் எந்நேரமும் வேறொரு மருத்துவக் குழுவை நீங்களே அழைத்துப் பார்க்கச் சொல்லலாம். வார்டில் சேர்ந்ததுமே நர்ஸிடம் அந்த எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். டாக்டரை எதிர்த்துப் பேசுவதாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

சரி, பரிசோதித்து வீட்டுக்கு அனுப்புகிறார்களா? எது நடந்தால் திரும்ப வரவேண்டும் என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். அப்படி நடந்தால், அதே ராத்திரியில் மறுபடி போகலாம்.