தக்காளிக் கொல்லையில் காளான்: பிடுங்கி எங்கே போடுகிறீர்கள்?

குடியாத்தம் பக்கத்தில் முதல் தடவை தக்காளி வைத்த தம்பி ஒருவர் போன தை மாதம் என்னைக் கொல்லைக்குக் கூப்பிட்டார். "செடியடியில் முளைச்சதை ஒண்ணுவிடாம பிடுங்கிட்டேண்ணே" என்றார். வரப்பில் ஒரு குவியல். இலையே இல்லாத வெளிர்மஞ்சள் தண்டுகள், ஊதாப் பூ, அடியில் காய்ந்த காய்கள். புகையிலைக் காளான். பெயர்தான் காளான், இது பூத்துக் காய்க்கிற செடி. பச்சையம் கிடையாது, தக்காளி வேரை உறிஞ்சியே பிழைக்கும்.

பிடுங்கி வரப்பில் போடுவது

ஒரு காயை அவர் உள்ளங்கையில் தட்டினேன். மூக்குப்பொடி மாதிரி பழுப்புத் தூள் கொட்டியது. அத்தனையும் விதை. ஒரே செடியில் லட்சத்துக்கு மேல் வரும். பத்து வருடத்துக்கு மேலும் மண்ணில் உயிரோடு கிடக்கும். தக்காளி, கத்தரி, புகையிலை மாதிரிப் பயிர்களின் வேர்க்கசிவு பட்டால் முளைக்கும்.

நானும் ஒரு காலத்தில் இப்படித்தான் வரப்பில் போட்டேன். பாதியைக் காற்றும் மழைத்தண்ணீரும் கீழ்க்கொல்லைக்குக் கொண்டுபோயின. மீதியை மாடு தின்றது; சாணத்தோடு வரும் விதையும் முளைக்கும். அடுத்த தக்காளியில் அரை ஏக்கரில் பாதி தேறவில்லை. இன்றும் வரப்பில் அந்தக் குவியலைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது.

மண்ணுக்கு மேல் தலை காட்டும் முன்பே அது வாரக்கணக்கில் வேரை உறிஞ்சியிருக்கும். அதனால் பிடுங்குவதால் இந்தப் போக விளைச்சல் பெரிதாக மீளாது. மண்ணில் விதை சேராமல் தடுக்கலாம், அதுதான் லாபம். வாரம் ஒரு நடை போய், பூக்கும் முன்பே எடுங்கள். பூ வந்துவிட்டால் பிடுங்கிய பிறகும் விதை முற்றும். எருக்குழியிலும் போடாதீர்கள். உரச்சாக்கில் கட்டி, வெளியே கொண்டுபோய் எரியுங்கள்.

தக்காளிக்குப் பின் கத்தரி

பயிர் மாற்றினதாகவே ஆகாது. மக்காச்சோளம், எள், காராமணி வையுங்கள். இவற்றின் வேர்க்கசிவு விதையை முளைக்க வைக்கும். ஒட்டிப் பிழைக்க முடியாமல் முளை செத்துப்போகும்.

சூடேற்றக் கறுப்பு ஷீட்

மண்ணில் கிடக்கும் விதையைச் சூட்டில் சாகடிக்க வேலூர் கோடை வெயிலை வீணாக்காதீர்கள். சித்திரையில் மண்ணை நன்றாக நனைத்து, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஷீட்டை விரித்து, ஓரங்களை மண்ணால் மூடி 4 முதல் 6 வாரம் விடுங்கள். கறுப்பு ஷீட்டில் அந்தச் சூடு ஏறாது.

கிளைபோசேட்

இந்தக் களைக்கொல்லியை அடித்தால் தக்காளியும் சேர்ந்து சாகும். வேண்டாம்.

வாடகை ரொட்டவேட்டர்

கத்தியில் ஒட்டிய மண்ணோடு இந்த விதையும் வரும். அதைக் கழுவிய பிறகுதான் என் கொல்லைக்குள் விடுவேன். ஓட்ட வருகிறவர் கோபித்துக்கொண்டாலும் சரி.