ஃபால்அவுட் ஆடியவர்களுக்குப் பாழ்நிலப் படங்கள்: எதை எடுப்பது, எப்படிக் காட்டுவது

அணுப்போருக்குப் பின்னான பாழ்நிலத்தில் நடக்கும் வீடியோ விளையாட்டான ஃபால்அவுட்டை நாற்பது ஐம்பது மணி நேரம் ஆடியவர்கள் படத்தில் தேடுவது வெடிப்பை அல்ல. ஆளில்லாத நெடுஞ்சாலையில் நடக்கும்போது வானொலியில் பழைய காதல் பாட்டு ஒன்று ஒலிக்குமே, அந்த நேரத்தைத்தான் தேடுகிறார்கள். தண்ணீர் எவ்வளவு, தோட்டா எத்தனை என்று எண்ணியபடி பூட்டிய கதவு முன் நிற்கும் நேரத்தைத் தேடுகிறார்கள். உலக அழிவுப் படங்கள் என்று தேடினால் கட்டடம் சரிவதும் கடல் எழுவதுமாக வந்து குவியும். அவற்றில் பெரும்பாலானவை அழிவோடு முடிந்துவிடும். விளையாட்டு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

தேர்வுக்கு நம்மிடமே ஓர் அளவுகோல் இருக்கிறது. பாலை தனி நிலமல்ல, முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் இயல்பு திரிந்து கொள்ளும் வடிவம் என்கிறது சிலப்பதிகாரம். பாலைப் பாட்டில் வருபவற்றை நினைத்துப் பாருங்கள்: வேனில், நண்பகல், வழிப்பறிக்குக் காத்திருக்கும் ஆறலை கள்வர், பொருள் தேடி நடப்பவன், அவன் பிரிந்து வந்த வீடு. படத்திலும் இதையே பாருங்கள். ஒரு காலத்தில் இது நல்ல நிலமாக இருந்தது என்பது பாழுக்குள்ளிருந்து தெரிய வேண்டும். மணலும் தோல்சட்டையும் மட்டும் இருந்தால் அது பாலையாகாது.

முதலில் 'தி அடாமிக் கஃபே' (1982). கதையும் கிடையாது, பின்னணிக் குரலும் கிடையாது. 1940, 50களின் அமெரிக்க அரசுப் பிரச்சாரப் படங்களையும் செய்திப் படங்களையும் வெட்டி ஒட்டியது மட்டுமே. மேசைக்கடியில் பதுங்கினால் அணுகுண்டிலிருந்து தப்பலாம் என்று சிரித்த முகத்தோடு பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். விளையாட்டின் சுவரொட்டிச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்பது பத்தே நிமிடத்தில் விளங்கிவிடும். இதை விட்டுவிட்டு நேரே பாலைவனத் துரத்தலுக்குப் போகிறவர்கள் மனநிலையில் பாதியை இழக்கிறார்கள்.

அடுத்தது 'எ பாய் அண்ட் ஹிஸ் டாக்' (1975, 91 நிமிடம்). மேலே சேறும் வழிப்பறியும். கீழே பூமிக்கடியில் வெள்ளை பூசிய முகங்களோடு பழைய அமெரிக்கச் சிற்றூர் வாழ்க்கையை நடித்துக் கொண்டிருக்கும் ஒரு கூட்டம். பதுங்கறை வால்ட்களை ஆடியவர்களுக்கு இந்தப் பகுதி உடனே பிடிபடும். விளையாட்டில் வரும் நாயின் பெயர் டாக்மீட். இந்தப் படத்தில் பையன் தன் நாயை ஓரிடத்தில் அழைக்கும் சொல்லும் அதுவே. ஓர் எச்சரிக்கை: பெண்களை இந்தப் படம் நடத்தும் விதம் கொடியது, முடிவும் அப்படியே. பிள்ளைகள் இருக்கும் இடத்தில் போடவே கூடாது.

'மேட் மேக்ஸ் 2' (1981, 96 நிமிடம்) ஆஸ்திரேலியாவின் ப்ரோக்கன் ஹில் பக்கம் எடுத்தது. 1997இல் வந்த முதல் விளையாட்டின் ஒற்றைக் கை தோல்சட்டை இதிலிருந்து போனது. துரத்தலைவிடச் சின்னக் காட்சிகளைக் கவனிக்கச் சொல்லுங்கள். கவிழ்ந்த வண்டியிலிருந்து வழியும் பெட்ரோலைப் பிடிப்பதும், நாய்த்தீனி டப்பாவைத் திறந்து நாயகனே உண்பதும் விளையாட்டில் நாம் செய்வதேதான். இந்த வரிசையில் ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் இதைப் போடுங்கள்.

'தி புக் ஆஃப் ஈலை' (2010) நடுவில் தொய்யும். ஆனாலும் கடைத்தெருக் காட்சிக்காகப் பார்க்க வேண்டும்: பேட்டரியில் மின்னேற்றிக்கொள்ளப் பண்டமாற்றாகச் சில்லறைப் பொருட்களை மேசையில் பரப்பிப் பேரம் பேசுகிறார்கள். 'தி ரோட்' (2009) மிகக் கனமானது. தந்தை, மகன், ஒரு துப்பாக்கி, இரண்டே தோட்டா. இதற்குத் தனி இரவு ஒதுக்குங்கள், பின்னால் வேறு படம் வேண்டாம்.

'மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோட்' (2015) தென்னாப்பிரிக்காவில் இருக்கும் நமக்குப் பக்கத்து நிலம். ப்ரோக்கன் ஹில்லில் மழை பெய்து பூ பூத்துவிட்டதால் படப்பிடிப்பை நமீபியாவுக்கு மாற்றினார்கள். முல்லை மீண்டுவிட, பாலையைத் தேடி இங்கே வந்தார்கள். 2024இல் வந்த ஃபால்அவுட் தொடருக்கும் அதே நமீபியாவில், லூடெரிட்ஸ் அருகே மணல் புகுந்து கிடக்கும் கோல்மான்ஸ்கோப் என்ற கைவிட்ட வைர ஊரில் படம்பிடித்தார்கள். ஆனால் ஃப்யூரி ரோட்டில் வேகம் அதிகம், நடை குறைவு. அதை முதலில் போட்டால் பிறகு வரும் மெதுவான படங்களில் யாரும் உட்கார மாட்டார்கள். கடைசிக்கு வையுங்கள்.

இனி திரை. டர்பனில் முற்றத்தில் காட்ட ஜூன், ஜூலைதான் தோது. சூரியன் ஐந்து மணியை ஒட்டி இறங்கிவிடும், கொசுவும் குறைவு. ஆறு மணிக்கு 'எ பாய் அண்ட் ஹிஸ் டாக்' தொடங்கினால் ஏழரைக்கு முடியும். அரை மணி இடைவேளையில் பீன்ஸ் பன்னி சௌ (ரொட்டியைக் குடைந்து குழம்பு நிரப்பியது) சாப்பிட்டுவிட்டு எட்டு மணிக்கு 'மேட் மேக்ஸ் 2' போடலாம், 9:40க்குள் முடிந்துவிடும். டிசம்பரில் இருட்டவே ஏழு மணிக்கு மேலாகும், இரண்டாவது படம் முடிவதற்குள் பக்கத்து வீட்டார் வந்து கதவைத் தட்டுவார்கள்.

ஒற்றைப் படுக்கை விரிப்பில் ஒளி பின்னால் கசிந்து படம் வெளுக்கும். பின்னால் கறுப்புத் துணி ஒன்று தொங்கவிடுங்கள். கீழ் விளிம்பை மடித்துத் தைத்து ஒரு பிவிசி குழாயைச் செருகினால் கடற்காற்றில் துணி உப்பாது. த்ரோ ரேஷியோ (புரொஜெக்டர் நிற்கும் தூரத்தைப் பட அகலத்தால் வகுத்தது) 1.5 என்றால் 2 மீட்டர் அகலப் படத்துக்கு புரொஜெக்டர் 3 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். மேட் மேக்ஸ் படங்கள் அகலத்திரை என்பதால், 2 மீட்டர் அகலத்துக்கு உயரம் 85 சென்டிமீட்டர் அளவில்தான் வரும். இடம் இருந்தால் 2.5 மீட்டருக்குப் போங்கள்.

பெரும்பாலான கெடுதல் புரொஜெக்டரின் அமைப்புகளில்தான் நடக்கிறது. 'விவிட்' அமைப்பை அணைத்துவிட்டு 'சினிமா' வையுங்கள். அசைவை வழுவழுப்பாக்கும் மோஷன் ஸ்மூதிங் இருந்தால் பாழ்நிலம் தொலைக்காட்சி நாடகம் போலாகிவிடும், அதையும் அணையுங்கள். 'தி ரோட்' முழுக்கச் சாம்பல் நிறம். பளிச்சென்று தெரியட்டும் என்று கான்ட்ராஸ்ட்டை ஏற்றினால் சாம்பல் கறுப்பாகி, மரமும் முகமும் மறைந்துபோகும். கான்ட்ராஸ்ட்டை அப்படியே விட்டு, பிரைட்னஸை மட்டும் கறுப்புக்குள் மேல்கோட்டுத் துணியின் மடிப்பு தெரியும் வரை ஏற்றுங்கள். ஃப்யூரி ரோட்டின் இரவுக் காட்சிகள் பகல் வெளிச்சத்தில் எடுத்து நீலமாக்கப்பட்டவை. நிறச்சூடு 'கூல்' என்றிருந்தால் அவை ஊதா மை கொட்டியதுபோல் இருக்கும், 'வார்ம்' வையுங்கள்.

லோட் ஷெடிங் எனும் முறைவைத்த மின்வெட்டு தணிந்திருந்தாலும் வட்டார மின்வெட்டு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியில் 1,200 வாட்-மணி இருக்கிறது. ஆனால் பாதிக்கு மேல் இறக்கினால் பேட்டரி சீக்கிரம் சாகும், இன்வெர்ட்டரும் கொஞ்சம் தின்னும். கைக்கு வருவது சுமார் 500. எல்இடி புரொஜெக்டர் 100, மடிக்கணினி 50, ஸ்பீக்கர் 30, ஆக 180 வாட் என்றால் இரண்டே முக்கால் மணி நேரம் ஓடும். ஒரு படத்துக்குத் தாராளம், இரண்டுக்குப் போதாது. விளக்கு வைத்த பழைய புரொஜெக்டர் என்றால் மொத்தம் 360 வாட் ஆகி, 83 நிமிடத்தில் நின்றுவிடும். 'மேட் மேக்ஸ் 2'இன் டேங்கர் துரத்தல் முடியும் முன்பே திரை இருண்டுபோகும். வீட்டு மின்சாரம் போலச் சீரான அலை தரும் ப்யூர் சைன் வேவ் இன்வெர்ட்டரையே வாங்குங்கள். மலிவான மாடிஃபைட் வகையில் ஸ்பீக்கர் இரைச்சலிடும், மௌனம் நிறைந்த இந்தப் படங்களில் அந்த இரைச்சல் மட்டும்தான் கேட்கும்.

படம் முடிந்ததும் விளக்கு புரொஜெக்டரைச் சுவிட்சில் அணைக்காதீர்கள். ரிமோட்டில் அணைத்து, விசிறி தானாக நிற்கும் வரை விடுங்கள். இல்லாவிட்டால் சூடு தங்கி விளக்கின் ஆயுள் குறையும். அதுவரை நாற்காலி மடக்கலாம். பனி இறங்கியிருந்தால் திரைத்துணியை ஈரத்தோடு சுருட்ட வேண்டாம், ஒரே வாரத்தில் பூஞ்சை பிடித்துவிடும்.