குறுநில ஆட்சிக் கதை விளையாட்டு: எழுதும்போது எங்கெங்கே சறுக்கும்?

வாசகர்தான் ஒரு சிற்றரசின் தலைவர். ஊர்களை ஆள வேண்டும், வரி வாங்க வேண்டும், பக்கத்துப் பிரபுவோடு சம்பந்தமோ சண்டையோ வைத்துக்கொள்ள வேண்டும், எல்லையை விரிக்க வேண்டும். எழுத்தாலேயே நடக்கும் விளையாட்டுகளில் இந்த வகையைத் தொட ஆசைப்படுபவர்கள் நிறைய. முடிப்பவர்கள் குறைவு. முடித்தவற்றிலும் பல சப்பென்று இருப்பதற்குக் காரணம் ஒன்றுதான்: கதையை ஒரு பக்கம் எழுதுகிறார்கள், கணக்கை இன்னொரு பக்கம் போடுகிறார்கள். இரண்டும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை.

கருவியைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். கிளைக்கதை விளையாட்டு எழுத உதவும் ட்வைன், இங்க், சாய்ஸ்ஸ்கிரிப்ட் என்ற மென்பொருள்கள் மூன்றுமே இந்த வேலைக்குப் போதும். விற்கும் எண்ணம் இருந்தால் மட்டும் சாய்ஸ்ஸ்கிரிப்டின் உரிமத்தை முதலிலேயே படித்துவிடுங்கள். வணிகத்துக்குப் பயன்படுத்தத் தனி அனுமதி வேண்டும்.

வரைபடத்தில் தொடங்குவது

முப்பது ஊர், பன்னிரண்டு பிரபுக் குடும்பம், நானூறு ஆண்டு வம்சாவளி என்று குறிப்பேடு நிரம்பும். விளையாட மட்டும் ஒரு பக்கம்கூட இருக்காது. மூன்று ஊர், நான்கு மனிதர்கள், எட்டுப் பருவம்: இதை முதலில் ஓடவிடுங்கள். எட்டுப் பருவத்தில் சுவாரசியம் வராவிட்டால் எண்பதில் வராது. வம்சாவளியை யாரும் கேட்கப்போவதில்லை.

கிளைகளை மரமாக வளர்ப்பது

ஒவ்வொரு தேர்வுக்கும் தனிப் பாதை எழுதினால், இரண்டு வழியுள்ள பத்துத் தேர்வுகளுக்கு 1,024 பாதைகள். யாராலும் எழுத முடியாது. ஆகவே பலர் எதிர்ப்பக்கம் சாய்கிறார்கள்: எதைத் தேர்ந்தாலும் அடுத்த வரியே ஒன்றாகிவிடுகிறது. வாசகர் இதை இரண்டாவது ஆட்டத்தில் கண்டுபிடித்துவிடுவார்.

நடைமுறையில் நிற்கும் வழி, பாதைகளை விரித்துக் குவிப்பது. ஒவ்வொரு ஆண்டும் இரண்டு மூன்று காட்சிகளாக விரிந்து, ஆண்டு முடிவில் ஒரே தர்பார் காட்சிக்குத் திரும்பட்டும். வித்தியாசம் பாதையில் இல்லாமல் மாறிகளில், அதாவது விளையாட்டு நினைவில் வைத்திருக்கும் மதிப்புகளில், சேமிக்கப்படட்டும். தர்பாரில் யார் நிற்கிறார், யார் வரவில்லை, களஞ்சியத்தில் என்ன இருக்கிறது என்பதெல்லாம் முந்தைய தேர்வுகளைப் பொறுத்து மாறினால், பாதை ஒன்றானாலும் அனுபவம் ஒன்றாக இருக்காது. ஆட்சிக் கதைக்கு இது இயல்பாகவே பொருந்தும். அறுவடையும் வரிக்காலமும் எப்படியும் திரும்பத் திரும்ப வருபவைதானே.

இந்தச் சுழற்சியில் இங்க் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு பொறி உண்டு. நட்சத்திரக் குறியிட்ட தேர்வை ஒருமுறை எடுத்தால் அது மறைந்துவிடும். கூட்டல் குறியிட்டது நிலைத்திருக்கும். ‘வரி வசூல் செய்’, ‘படை திரட்டு’ போன்றவற்றை நட்சத்திரத்தில் எழுதிவிட்டால், நான்காம் பருவத்தில் எடுக்க ஒன்றுமே இல்லாமல் கதை நின்றுபோகும்.

எண்களைக் குவிப்பது

வீரம், புகழ், நியாயம், பக்தி, தந்திரம், செல்வம், மக்கள் அன்பு, படை, கல்வி, வணிகம் என்று பத்துப் பன்னிரண்டு எண்கள். இவற்றில் ஏழு எண்கள் ஏறும், இறங்கும், ஆனால் எந்தக் காட்சியிலும் சோதிக்கப்படாது. ஒரு அட்டவணை போடுங்கள்: இடப்பக்கம் எண்ணின் பெயர், நடுவில் அது மாறும் இடங்கள், வலப்பக்கம் அது ஒரு முடிவை மாற்றும் இடங்கள். வலப்பக்கம் நான்குக்குக் குறைந்தால் அந்த எண்ணை இன்னொன்றோடு சேர்த்துவிடுங்கள். 2016இல் வந்த ‘ரெய்ன்ஸ்’ விளையாட்டு மதம், மக்கள், படை, கருவூலம் என்ற நான்கே அளவுகளில் முழு ஆட்சியையும் நடத்துகிறது. எது வறண்டாலும் ஆட்சி முடிந்தது. எது நிரம்பி வழிந்தாலும் முடிந்தது.

எண்ணிக்கையைவிட முக்கியம், எண்கள் ஒன்றோடொன்று மோதுவது. 1968இல் எழுதப்பட்ட ‘ஹமுராபி’ என்ற கணினி விளையாட்டை இன்றைக்கும் பிரித்துப் பார்ப்பது வீண்போகாது. பின்னர் பரவிய, பேசிக் நிரல்மொழியில் எழுதிய வடிவத்தில் தொடக்க நிலை இது: 100 மக்கள், 1,000 ஏக்கர், களஞ்சியத்தில் 2,800 புஷல் (தானியம் அளக்கும் ஓர் அலகு) தானியம், ஆட்சிக்காலம் 10 ஆண்டு. ஒருவருக்கு ஆண்டுச் சாப்பாடு 20 புஷல்; ஆக 2,000 அங்கேயே போய்விடும். ஒரு புஷல் விதை இரண்டு ஏக்கருக்கு வரும். முழு நிலத்தையும் விதைக்க 500. மிச்சம் 300. நிலம் வாங்க ஏக்கருக்கு 17 முதல் 26 புஷல் வரை விலை. ஒரே குவியலை மூன்று தேவைகள் பிடித்து இழுக்கின்றன. ஒரு வரி வர்ணனைகூட இல்லாமல் அங்கே பதற்றம் இருக்கிறது. உங்கள் விளையாட்டில் பொன் வேறு, தானியம் வேறு, படை வேறு, ஒவ்வொன்றும் தன்பாட்டுக்கு வளர்கிறது என்றால், அங்கே முடிவெடுக்க எதுவும் இல்லை.

வரலாறும் இங்கே கைகொடுக்கும். எடோ காலத்து ஜப்பானில் ஒரு பிரபுவின் நிலத்தைக் ‘கொகு’ கணக்கில் அளந்தார்கள். ஒரு கொகு என்பது ஏறத்தாழ ஓர் ஆளுக்கு ஓராண்டு அரிசி, சுமார் 150 கிலோ. 10,000 கொகுவும் அதற்கு மேலும் இருந்தால் டைமியோ, அதாவது பெரும்பிரபு, என்ற தகுதி. உணவு, தகுதி, தரவேண்டிய படை எல்லாவற்றையும் ஒரே அலகு சொல்லிவிடுகிறது.

சாய்ஸ்ஸ்கிரிப்டில் விழுக்காட்டுக் கூட்டல் என்று ஒரு வசதி உண்டு. 50இல் இருக்கும் எண்ணுக்கு 20 விழுக்காடு கூட்டினால், நூறை எட்ட மிச்சமிருக்கும் 50இல் ஐந்தில் ஒரு பங்கு சேர்ந்து 60 ஆகும். 90இல் இருந்தால் 92தான். குணங்களுக்கும் உறவுகளுக்கும் இது அருமையானது. கருவூலத்துக்கு இதைப் போட்டால் கெட்டது. காசு நூறோடு நிற்கிற பொருள் அல்ல. இன்னொன்று: 20 கூட்டி 20 கழித்தால் பழைய இடத்துக்கு வராது. 50 அறுபதாகி, அறுபதில் ஐந்தில் ஒரு பங்கு போய் 48 ஆகும். ‘தவறைத் திருத்திக்கொண்டேன்’ என்று நினைக்கும் வாசகர் நட்டத்தில்தான் நிற்பார்.

விரிவாக்கம் தானாக ஓடுவது

பெரும்பாலான விளையாட்டுகள் செத்துப்போகும் இடம் இது. ஓர் ஊர் பருவத்துக்கு 100 பொன் தரும், புது ஊர் 500 பொன் என்று வையுங்கள். வருவாயை எல்லாம் திருப்பி ஊரிலேயே போடுகிறவருக்குப் பருவத்துக்கு 20 விழுக்காடு வளர்ச்சி. நான்கு பருவத்தில் இரட்டிப்பு. நாற்பது பருவத்தில் ஏறத்தாழ 1,470 மடங்கு. எட்டாம் பருவத்துக்குப் பிறகு எந்தப் பஞ்சமும் எந்தப் படையெடுப்பும் அவரை அசைக்காது. பிறகு அவர் படிப்பதை விட்டுவிட்டுப் பொத்தானை மட்டும் அழுத்துவார்.

புது ஊரின் விலையை ஏற்றுவது அரைகுறை மருந்து. ஆளும் செலவை ஏற்ற வேண்டும். ஊர்களின் எண்ணிக்கை ஒன்றுக்கு 100 வருவாய். எண்ணிக்கையின் வர்க்கத்தை 5ஆல் பெருக்கினால் செலவு. பத்து ஊரில் 1,000 வரவு, 500 செலவு, கையில் 500. பதினோராவது ஊர் வந்தால் 495. பதினைந்தில் 375. இருபதில் ஒன்றுமே மிஞ்சாது. இந்தச் சூத்திரத்தை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும் என்பதில்லை. வளைவு இப்படி இருக்க வேண்டும்.

ஆனால் சூத்திரம் மட்டும் இருந்தால் மறுபடியும் கணக்கு தனியே, கதை தனியே. அந்தச் செலவுக்கு ஒரு முகம் கொடுங்கள். ஐந்து ஊர் வரை தலைவர் நேரே பார்த்துக்கொள்வார். அதற்கு மேல் ஒவ்வொரு மூன்று ஊருக்கும் ஒரு அதிகாரியை அமர்த்த வேண்டும். அவருக்குப் பெயர், விசுவாசம் என்று ஓர் எண், சொந்த ஆசை ஒன்று. விசுவாசம் 40க்குக் கீழே போனால் வரியில் கால் பங்கு வழியிலேயே காணாமல் போகட்டும். இப்போது எல்லையை விரிப்பது என்றால் யாரை நம்புவது என்ற கேள்வி. இடைக்கால ஐரோப்பாவில் நிலம் பெற்ற வீரர்கள் தரவேண்டிய படைச்சேவை பொதுவாக ஆண்டுக்கு 40 நாள் என்பது வழக்கம். முற்றுகை 41ஆம் நாளை எட்டினால் என்ன செய்வது? கூலி கொடுத்து நிறுத்துவதா, கெஞ்சுவதா, பின்வாங்குவதா? ஒரு சின்ன விதி, மூன்று நல்ல காட்சிகள்.

கண்ணுக்குத் தெரியாத கோடுகள்

‘படை 60 அல்லது அதற்கு மேல் இருந்தால் வெற்றி’ என்று எழுதிவிடுகிறோம். 59 வைத்திருப்பவர் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் மாண்டுபோகிறார். முதலில் கூட்டிப் பாருங்கள்: தொடக்கம் 30, போருக்கு முன் பத்துப் பத்தாக ஏற்ற மூன்றே வாய்ப்புகள் என்றால் உச்சமே 60தான். அந்தக் கோடு குறையே இல்லாமல் ஆடியவரை மட்டும்தான் உள்ளே விடும். 45 அல்லது 50இல் வையுங்கள். முடிவையும் இரண்டாக வெட்டாமல் மூன்றாகப் பிரியுங்கள்: வெற்றி, அதிக விலை கொடுத்த வெற்றி, தோல்வி. தோல்வியும் கதையை நகர்த்த வேண்டும். பிணைக்கைதியாகப் போன வாரிசு, இறந்த வாரிசைவிட நிறைய பக்கங்கள் தருவார்.

முன்னறிவிப்பை எண்ணாகக் காட்டாமல் ஆலோசகர் வாயில் வையுங்கள். 1999இல் வந்த ‘கிங் ஆஃப் டிராகன் பாஸ்’ விளையாட்டு இதை மிக நன்றாகச் செய்தது: குலத்தின் ஏழு பேர் கொண்ட அவை ஒவ்வொரு நிகழ்விலும் கருத்துச் சொல்லும், அவரவர் திறமைக்கும் குணத்துக்கும் ஏற்ப அது சரியாகவோ கோணலாகவோ இருக்கும். தளபதி எப்போதும் ‘முடியும்’ என்பார், கணக்கர் எப்போதும் ‘தாங்காது’ என்பார் என்று வாசகர் பழகிக்கொண்டால், கணக்கரே ஒருநாள் ‘போகலாம்’ என்பதற்கு எடை கூடும்.

விளைவு தாமதமாக வரும் இடங்களில் காரணத்தை நினைவூட்டத் தவறாதீர்கள். பஞ்சத்தில் விதை நெல்லைச் சாப்பிடக் கொடுத்தால் அடுத்த அறுவடை சுருங்கும். அந்த அறுவடைக் காட்சியில் ‘சென்ற ஆண்டு விதை நெல் களஞ்சியத்தைத் திறந்தோமே’ என்று ஒரு வரி இல்லையென்றால், வாசகர் அதைத் தற்செயல் என்றே எடுத்துக்கொள்வார்.

நிகழ்வுகள் திரும்பத் திரும்ப வருவது

நாற்பது பருவம், பதினைந்து நிகழ்வு. கண்மூடித்தனமாகக் குலுக்கினால், அடுத்தடுத்த இரு பருவத்தில் அதே நிகழ்வு வருவது ஓர் ஆட்டத்தில் சராசரியாக இரண்டு மூன்று முறை நடக்கும். சீட்டுக்கட்டு முறையே நல்லது: எடுத்ததை ஒதுக்கி வைத்து, கட்டு தீர்ந்தபின் மீண்டும் கலைப்பது. அதோடு ஒவ்வொரு நிகழ்வுக்கும் நுழைவு நிபந்தனை வையுங்கள். களஞ்சியம் நிரம்பினால்தான் எலி, எல்லையூர் கைக்கு வந்தால்தான் எல்லைத் தகராறு.

தமிழில் எழுதும்போது மட்டும் வரும் தலைவலி

மாறியில் ஊர்ப்பெயரை வைத்து, அதன் பின்னால் ‘இல்’ ஒட்டினால் திரையில் ‘குளத்தூர்இல்’ என்று வரும். காடு ‘காட்டில்’ ஆகும், நகரம் ‘நகரத்தில்’ ஆகும். நிரலுக்கு இந்தப் புணர்ச்சி தெரியாது. நீங்களே வைத்த பெயர்களுக்கு ஐ, கு, இல், இன் வடிவங்களைத் தனித்தனி மாறியாக எழுதி வையுங்கள். ஊர் பத்துதான், ஒரு மணி நேர வேலை. வாசகர் தட்டச்சு செய்யும் பெயருக்கு ‘என்ற ஊரில்’, ‘என்பவரை’ என்று வாக்கியத்தைத் திருப்புவதே வழி.

வினைமுற்றும் அப்படியே. தலைவர் ஆணா பெண்ணா என்று வாசகர் தேர்வு செய்யலாம் என்றால், வந்தான், வந்தாள் என்று ஒவ்வொரு வரியும் இரண்டாகும். கதை முழுக்க முன்னிலையில், ‘நீங்கள்’ என்று எழுதினால் இது தொண்ணூறு பங்கு தீர்ந்துவிடும். மிச்சம் மற்றவர்கள் தலைவரைப் பற்றிப் பேசும் இடங்கள்; அங்கே ‘வந்தார்’ போதும், ஆனால் எதிரி ‘அவன்’, ‘அவள்’ என்று இகழும் காட்சிக்கு மட்டும் இரண்டு வடிவமும் எழுதுங்கள். மாறிகளின் பெயர்களை இலத்தீன் எழுத்திலேயே வையுங்கள். இந்தக் கருவிகளில் தமிழ்ப் பெயர் சிக்கல் தரும்.

சேமிப்பும் சோதனையும்

ட்வைனின் சுகர்கியூப் என்ற கதை வடிவத்தில் புதிய பதிப்பு வெளியிட்டு அதில் ஒரு மாறியைச் சேர்த்தால், பழைய சேமிப்பைத் திறப்பவருக்கு அது இருக்காது, கணக்கு உடையும். சேமிப்பில் பதிப்பு எண்ணை வைத்து, திறக்கும்போது இல்லாத மாறிக்குத் தொடக்க மதிப்பு கொடுங்கள். உலாவியின் உள்சேமிப்பு பொதுவாக 5 மெகாபைட் அளவே. ஊர்ப் பட்டியலின் முழு வரலாற்றையும் அதில் திணிக்காதீர்கள்.

தற்செயலாகத் தேர்வுகளை எடுத்துத் தானே ஆடிப் பார்க்கும் சாய்ஸ்ஸ்கிரிப்டின் ராண்டம்டெஸ்ட்டை 10,000 முறை ஓட்டி, ஒருமுறைகூட எட்டப்படாத வரிகளைத் தேடுங்கள். அது உடைந்த இடத்தைக் காட்டும், சலிப்பான இடத்தைக் காட்டாது. அதற்குக் கையால் மூன்று ஆட்டம் ஆடுங்கள்: எதற்கும் செலவழிக்காத கஞ்சர், எதற்கெடுத்தாலும் போர் தொடுப்பவர், எல்லோரையும் திருப்திப்படுத்தப் பார்ப்பவர். மூவரும் பத்தாம் ஆண்டில் ஏறத்தாழ ஒரே கருவூலத்தோடு நின்றால் எண்களில் பல் இல்லை. கஞ்சர் மட்டும் ஒவ்வொரு முறையும் ஜெயித்தால் செலவழிப்பதற்கு நீங்கள் காரணமே வைக்கவில்லை. இறுதிக் காட்சி கடைசித் தேர்வை மட்டும் பார்த்து எழுதப்பட்டிருக்கிறதா என்பதும் இந்த மூன்று ஆட்டத்திலேயே தெரிந்துவிடும்: மூவருக்கும் வாழ்த்துப்பா ஒன்றாக இருந்தால், அந்தக் காட்சியைத் திரும்ப எழுத வேண்டும்.