மலை ஏரியில் அவுட்போர்டு மோட்டார் இழுக்கவில்லையா? முதலில் ப்ரொப்பெல்லரைப் பாருங்கள்

கலிஃபோர்னியாவில் சாக்ரமெண்டோவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஃபோல்சம் ஏரியில் எங்கள் 16 அடி அலுமினியப் படகு நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. படகின் பின்பக்கம் வெளியே மாட்டும் அவுட்போர்டு: 40 குதிரைத்திறன், ஃபோர் ஸ்ட்ரோக், கார்புரேட்டர் மோட்டார். நாலு பேர் ஏறி உட்கார்ந்தாலும், முழு ஆக்சிலேட்டர் கொடுத்தால் முதலில் மூக்கைத் தூக்கும், சில நொடிகளில் மட்டமாகித் தண்ணீர் மேல் வழுக்கிக்கொண்டு பறக்கும். அதே படகு, அதே நாலு பேர், மலை மேல் இருக்கும் டாஹோ ஏரி. தூக்கிய மூக்கு இறங்கவே இல்லை. சத்தம் மட்டும் வந்தது. பின்னால் பெரிய அலையை இழுத்துக்கொண்டு தவழ்ந்தது.

மோட்டாரில்தான் கோளாறு என்று நினைத்தேன். பெட்ரோலை மாற்றினேன், ஃபில்டரை மாற்றினேன், பிளக்கை மாற்றினேன். இரண்டு வார இறுதிகள் போயின. கடைசியில் ஒரு வயதான மெக்கானிக் கேட்ட கேள்வி: “முழு வேகத்தில் ஆர்பிஎம் எவ்வளவு காட்டுகிறது?” மோட்டார் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதை நான் பார்த்திருக்கவே இல்லை. முதல் தடவை மலை ஏரிக்குப் படகு கொண்டுபோகிறவர்களுக்கு அந்த இரண்டு வாரம் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

மேலே போனால் என்ன ஆகிறது?

ஃபோல்சம் ஏரி கடல் மட்டத்திலிருந்து 140 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. டாஹோவின் நீர்மட்டம் சுமார் 1,897 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சிலிண்டர் ஒவ்வொரு முறை மூச்சு இழுக்கும்போதும் உள்ளே போகும் ஆக்சிஜன் அந்த அளவுக்குக் குறையும். ஆக்சிஜன் குறைந்தால் எரியக்கூடிய பெட்ரோலும் குறைவு, சக்தியும் குறைவு.

பழைய கார்புரேட்டர் பைக்கில் ஊட்டி ஏறியவர்களுக்கு இது தெரிந்த கதை. மேட்டுப்பாளையத்தில் இருந்த பிக்கப் குன்னூரைத் தாண்டினால் இருக்காது. ஆனால் பைக்கில் ஒரு வசதி உண்டு. இழுக்கவில்லை என்றால் இரண்டாவது கியருக்கு இறங்கிவிடலாம். அவுட்போர்டில் முன்னே போக ஒரே கியர்தான். காற்று மெலிந்துவிட்டது, தண்ணீரோ அப்படியே இருக்கிறது. கீழே எவ்வளவு கனமாக இருந்ததோ அதே கனத்தோடுதான் ப்ரொப்பெல்லரை எதிர்த்து நிற்கிறது. இளைத்துப்போன மோட்டாரிடம் பழைய பாரத்தையே சுமக்கச் சொல்கிறோம்.

அப்படியென்றால் அவுட்போர்டுக்குக் கியர் எது? ப்ரொப்பெல்லர்தான். இது பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் சுலபம்.

படி 1: எவ்வளவு சக்தி போகும் என்று கணக்குப் போடுங்கள்

படகுக்காரர்கள் நெடுநாளாகக் கையாளும் தோராயக் கணக்கு இது: ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் 3 சதவீத சக்தி போகும். டாஹோவுக்கு ஏறக்குறைய 19 சதவீதம். என் 40 குதிரைத்திறன் அங்கே 32 அல்லது 33. பெரு, பொலிவியா எல்லையில் 3,812 மீட்டர் உயரத்தில் இருக்கும் டிட்டிகாகா ஏரிக்கு இதே மோட்டாரைக் கொண்டுபோனால் 25 தான் மிஞ்சும்.

வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சூடான காற்று இன்னும் மெலிது. டாஹோவில் 27 டிகிரி அடிக்கும் பகலில், மோட்டாருக்கு அது கிட்டத்தட்ட 2,700 மீட்டர் உயரம் மாதிரி. காலையில் தண்ணீர் மேல் எழும்பி ஓடிய படகு மதியம் திணறினால் பயப்பட வேண்டாம், காரணம் இதுதான்.

படி 2: ஆர்பிஎம் பாருங்கள்

மற்ற எல்லா வேலைக்கும் இதுதான் அடிப்படை. முழு ஆக்சிலேட்டரில் மோட்டார் எந்த ஆர்பிஎம் எல்லைக்குள் சுற்ற வேண்டும் என்று உங்கள் மோட்டார் கையேட்டில் போட்டிருக்கும். என்னுடையதற்கு 5,500 முதல் 6,000. உங்களுடையது வேறாக இருக்கலாம். கையேட்டில் இருக்கும் எண்ணையே நம்புங்கள்.

வழக்கமாக ஏறும் ஆட்கள், வழக்கமான பெட்ரோல், சாமான்கள் எல்லாவற்றோடும் அலையில்லாத நேரத்தில் நேராக ஓட்டுங்கள். முழு ஆக்சிலேட்டர் கொடுத்து, முள் ஏறுவது நின்றதும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தனியாக ஓட்டிப் பார்த்தால் எண் நன்றாகத்தான் வரும், அதை வைத்து ஏமாந்துவிடுவோம். படகில் ஆர்பிஎம் மீட்டர் இல்லையென்றால் பிளக் வயரில் சுற்றிக்கொள்ளும் சின்ன மீட்டர் குறைந்த விலையில் கிடைக்கும்.

எனக்கு ஃபோல்சமில் 5,700 வந்தது. டாஹோவில் 5,200.

அந்த 5,200-லேயே “மெதுவாகப் போனால் போகட்டும்” என்று முழு ஆக்சிலேட்டரில் நாள் முழுக்க ஓட்டக் கூடாது. மேட்டில் நாலாவது கியரில் வண்டியை முக்கவிடுவதும் இதுவும் ஒன்று. சூடு ஏறும், கரி படியும், பிஸ்டனும் பேரிங்கும் அடி வாங்கும்.

படி 3: ப்ரொப்பெல்லரை மாற்றுங்கள்

உங்கள் ப்ரொப்பெல்லரின் நடுப்பகுதியிலோ இதழிலோ இரண்டு எண்கள் பொறித்திருக்கும். முதல் எண் விட்டம், இரண்டாவது பிட்ச், இரண்டும் அங்குலத்தில். பிட்ச் 13 என்றால், மரத்துக்குள் திருகாணி இறங்குவதுபோல ஒரு சுற்றுக்கு 13 அங்குலம் முன்னே போகும்படி இதழ் சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். தண்ணீர் வழுக்கும் என்பதால் நிஜத்தில் அதைவிடக் குறைவாகத்தான் நகரும்.

பிட்ச் குறைந்தால் ஒரு சுற்றுக்குத் தள்ள வேண்டிய தண்ணீர் குறையும், மோட்டார் சுலபமாகச் சுற்றும். ஒரு அங்குலம் குறைத்தால் 150 முதல் 200 ஆர்பிஎம் வரை ஏறும். எனக்கு 5,200-இலிருந்து 5,600 பக்கம் வர வேண்டியிருந்தது. 400 வித்தியாசம், ஆகவே இரண்டு அங்குலம். 13-ஐக் கழற்றி 11 போட்டேன். படகு மறுபடி எழும்பியது.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். போன குதிரைத்திறன் திரும்பி வரவில்லை. கீழே போகும் உச்ச வேகம் மேலே கிடைக்காது. கிடைப்பது, மிச்சமிருக்கும் சக்தியை முழுசாகப் பயன்படுத்தும் வழி.

மாற்றும் முறை: படகு டிரெய்லரில், தரையில் இருக்கும்போது செய்யுங்கள். தண்ணீருக்கு மேல் செய்தால் ஒரு வாஷர் விழுந்தாலும் அன்றைய பயணம் முடிந்தது. மோட்டாரை நியூட்ரலில் வைத்து, சாவியையும், மோட்டாரை அணைக்கும் கில் சுவிட்ச்சின் கயிற்றையும் எடுத்துவிடுங்கள். பிளக் வயரைக் கழற்றிவிட்டால் இன்னும் பாதுகாப்பு. ப்ரொப்பெல்லர் இதழுக்கும் அதன் மேலே இருக்கும் தட்டைத் தகட்டுக்கும் நடுவில் ஒரு மரக்கட்டையைச் செருகினால் சுற்றாது. நட்டு கழலாமல் பிடித்திருக்கும் வளைந்த பின்னை (pin) நிமிர்த்தி உருவி, நட்டைக் கழற்றுங்கள். ஒவ்வொரு வாஷரும் எந்த வரிசையில், எந்தப் பக்கம் பார்த்து வந்தது என்று கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ப்ரொப்பெல்லர் வெளியே வந்ததும் தண்டைச் சுற்றித் தூண்டில் நரம்பு சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். அது ஆயில் சீலை (seal) அறுத்து கியர் எண்ணெய்க்குள் தண்ணீரை விட்டுவிடும். தண்டைத் துடைத்து, தண்ணீரில் கரையாத மெரைன் கிரீஸ் தடவி, புதிய ப்ரொப்பெல்லரை ஏற்றி, கையேடு சொல்லும் இறுக்கத்தில் நட்டை முடுக்குங்கள். பழைய பின்னை வளைத்துப் போடாதீர்கள். புதுசு சில்லறைக் காசுதான்.

படி 4: கார்புரேட்டரா, இன்ஜெக்ஷனா?

இன்ஜெக்ஷன் மோட்டாரில் காற்றழுத்தத்தை அளக்கும் சென்சார் இருக்கும். பெட்ரோலைத் தானே குறைத்துக்கொள்ளும், நீங்கள் எதையும் தொட வேண்டாம். ஆனால் சக்தி அதிலும் குறையும். “என்னுடையது இன்ஜெக்ஷன், எனக்கு உயரம் ஒன்றும் செய்யாது” என்று சொல்பவர்கள் ஆர்பிஎம் மீட்டரை ஒருமுறை பார்க்கட்டும்.

கார்புரேட்டருக்குக் காற்று மெலிந்தது அவ்வளவாகத் தெரியாது. ஏறக்குறைய பழைய அளவிலேயே பெட்ரோலை ஊற்றும். காற்று கம்மி, பெட்ரோல் ஜாஸ்தி. ஐடிலில் தடுமாறும், பெட்ரோல் வாடை அடிக்கும், புகை கறுக்கும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் இளம் பழுப்பாக இருக்க வேண்டிய முனையில் அடுப்புக்கரி மாதிரி உலர்ந்த கறுப்பு படிந்திருக்கும்.

இதற்குத் தீர்வு சிறிய மெயின் ஜெட், அதாவது கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளை. எந்த உயரத்துக்கு எந்த எண் ஜெட் என்று பல கம்பெனிகள் அட்டவணை கொடுக்கின்றன. முதல் தடவை இதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். வருடத்துக்கு ஒரு வார இறுதி மட்டும் மேலே போகிறவர்கள் ஜெட்டைத் தொடாமல் ப்ரொப்பெல்லரை மட்டும் மாற்றினாலே போதும் என்பது என் கருத்து. ஏன் என்பது கடைசிப் படியில் வரும்.

டாஹோ போகிறவர்களுக்கு இன்னொன்று. பழைய கார்புரேட்டர் டூ ஸ்ட்ரோக் மோட்டார்களுக்கு அந்த ஏரியில் 1999 முதல் தடை. வேறு நீர்நிலையிலிருந்து வரும் படகுக்கு, சிப்பி போன்ற அந்நிய உயிரிகள் ஒட்டிக்கொண்டு வராதபடி சோதனையும் கட்டாயம். கழுவி, தண்ணீரை முழுக்க வடித்து, உலரவிட்டுக் கொண்டுபோங்கள்.

படி 5: பாரத்தைக் குறையுங்கள்

32 குதிரைத்திறன் படகில் ஏற்றுவதைத்தான் ஏற்ற வேண்டும். தேவைக்கு மேல் பெட்ரோல், இரண்டாவது ஐஸ் பெட்டி, கூடுதல் நங்கூரம் எல்லாம் கரையிலேயே இருக்கட்டும். லைஃப் ஜாக்கெட்டையும் துடுப்பையும் மட்டும் இறக்காதீர்கள். டாஹோவில் மதியத்துக்கு மேல் தென்மேற்கிலிருந்து காற்று எழும். தண்ணீர் கோடையிலும் குளிர்ச்சி. எழும்ப முடியாத படகோடு அந்த அலையில் குழந்தைகளை வைத்துக்கொண்டு மாட்டிக்கொள்ளக் கூடாது. நாங்கள் இப்போது காலையிலேயே இறங்கி, மதியத்துக்குள் கரை ஏறிவிடுகிறோம்.

மலை ஏரிக்கென்றே மோட்டார் வாங்குகிறவர் என்றால் ஒரு படி பெரியதாக வாங்குங்கள். ஆனால் படகில் அடித்திருக்கும் தகட்டில் உள்ள அதிகபட்சக் குதிரைத்திறனைத் தாண்ட வேண்டாம். மேலே சக்தி குறையுமே என்று அந்த எண்ணை மீறினால், மோட்டாரின் எடை குறையப்போவதில்லை, படகின் பின்பக்கம்தான் தாழும்.

படி 6: கீழே இறங்கும்போது எல்லாவற்றையும் திருப்பி மாற்றுங்கள்

பலரும் மறக்கும் இடம் இது, நஷ்டம் பெரிதாக வருவதும் இங்கேதான்.

11 பிட்ச் ப்ரொப்பெல்லரோடு ஃபோல்சமில் முழு ஆக்சிலேட்டர் கொடுத்தால் மோட்டார் 6,000-த்தைத் தாண்டிக் கத்தும். ஆர்பிஎம் எல்லை மீறாமல் தடுக்கும் லிமிட்டர் இருந்தால் அது வெட்டி வெட்டிக் காப்பாற்றும். இல்லாத பழைய மோட்டார் சிதைந்துபோகும்.

ஜெட்டை மறந்தால் இன்னும் மோசம். மலைக்காகப் போட்ட சின்ன ஜெட், அடர்ந்த காற்றுக்குப் போதுமான பெட்ரோலைத் தராது. கலவை வறண்டு, எரியும் சூடு ஏறி, பிஸ்டன் உருகும்வரை போகலாம். பெட்ரோலிலேயே எண்ணெய் கலந்து ஓட்டும் டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் சேர்ந்து குறைகிறது, ஆகவே பிஸ்டன் சிலிண்டரில் பிடித்துக்கொள்ளும் அபாயம் இன்னும் அதிகம். மேலே பெட்ரோல் கூடினால் பிளக் கறுக்கும், கீழே குறைந்தால் மோட்டாரே போய்விடும். எப்போதாவது போகிறவர் ஜெட்டைத் தொட வேண்டாம் என்று நான் சொன்னது இதனால்தான்.

கழற்றிய 13-ஐ நான் வீட்டில் வைப்பதில்லை. படகிலேயே, நட்டுக்கான ஸ்பானர், புதிய பின், கிரீஸ் டப்பாவோடு ஒரே பையில் கிடக்கும். எந்த ப்ரொப்பெல்லர் மாட்டியிருக்கிறது என்று ஒரு அட்டையில் எழுதி சாவியோடு கட்டிவிடுகிறேன். இப்போது அதில் 11 என்று இருக்கிறது. டாஹோவில் படகை டிரெய்லரில் ஏற்றியதும், வண்டியைக் கிளப்புவதற்கு முன்னால், அங்கேயே மாற்றிவிட்டுத்தான் மலை இறங்குவோம்.