டைட்டானியத்தில் மெல்லிய சுவர்: பயந்து வெட்டினால்தான் கெடும்

காரைக்குடிக்கு டைட்டானியம் புதிதல்ல. இங்குள்ள செக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) டைட்டானியம் ஆனோடுகளில், அதாவது மின்பகுப்பின் நேர்முனைகளில், பேர் வாங்கியது. ஆனால் அதே உலோகத்தை மில்லிங் மெஷினில் ஏற்றி ஒரு மில்லிமீட்டர் சுவராக இறக்குவது வேறு சங்கதி. இந்தப் பக்கத்துப் பட்டறைகளில் எஃகிலும் அலுமினியத்திலும் கை பழகியவர்கள், முதல் ஜாப் கெட்டதும் செய்வது ஒன்றே ஒன்றுதான்: ஃபீடை, அதாவது கட்டர் முன்னேறும் அளவை, குறைப்பார்கள். கெடுதல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கணக்கைப் பாருங்கள். 10 மி.மீ. கட்டரில், பக்கவாட்டில் 0.2 மி.மீ. மட்டும் எடுக்கும் ஃபினிஷிங் கட் (கடைசி மெல்லிய வெட்டு). புரோகிராமில் பல்லுக்கு 0.05 மி.மீ. ஃபீட். கட்டர் விளிம்பை மட்டும் தொட்டுப் போவதால், சீவலின் அதிகபட்சத் தடிமனே ஏறத்தாழ 0.014 மி.மீ.தான். "மெல்லிசு சுவர், மெதுவாப் போவோம்" என்று 0.02 ஆக்கினால் அது 0.006க்கும் கீழே போகும். புதுக் கார்பைடு கட்டரின் முனைக்கே கிட்டத்தட்ட அந்த அளவு உருளல் (விளிம்பு மழுங்கல்) இருக்கும். பிறகு பல் வெட்டாது, தேய்க்கும். சூடு எங்கே போகும்? விமானம் முதல் எலும்பு இம்பிளான்ட் வரை போகும் கிரேடு 5 கலவையின் வெப்பக் கடத்துதிறன் மீட்டர்-கெல்வினுக்குச் சுமார் 7 வாட். சாதாரணக் கார்பன் எஃகுக்கு 50 பக்கம். சூடு ஜாப்புக்குள்ளும் போகாமல் சீவலோடும் போகாமல் கட்டர் முனையிலேயே உட்கார்ந்துவிடும். பரப்பில் நீலம் தட்டினால் அதுதான் சாட்சி. குறைக்க வேண்டியது கட்டர் சுழலும் வெட்டு வேகத்தை. ரஃபிங்கில் (முதல் கரடு வெட்டில்) நிமிடத்துக்கு 50 மீட்டர் அளவில் தொடங்குங்கள். ஃபீடில் கை வைக்காதீர்கள்.

அடுத்தது, ஒரு பக்கத்தை முழுக்க முடித்துவிட்டு மறுபக்கம் போவது. சுவரின் விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் போகிறது. 3 மி.மீ. சுவர் 1.5 ஆனால் எட்டில் ஒரு பங்குதான் மிச்சம். போதாக்குறைக்கு டைட்டானியத்தின் மீள்குணகம் எஃகில் பாதிக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். கட்டர் தள்ளும்போது சுவர் சாயும், போனதும் நிமிரும். மேலே தடிமன் கூடுதலாக நிற்கும், அடியில் சரியாக இருக்கும். இதைப் பார்த்து ஆஃப்செட்டில் (மெஷினில் கொடுக்கும் அளவுத் திருத்தத்தில்) இன்னும் கொஞ்சம் இறக்கினால் அடிப்பக்கம் மெலிந்து போகும், மேலுக்கும் கீழுக்கும் உள்ள வித்தியாசம் போகாது. மேலே 3 மி.மீ. ஆழம் இந்தப் பக்கம், அதே 3 அந்தப் பக்கம், பிறகு அடுத்த படி என்று இறங்குங்கள். அப்போது கீழே இன்னும் வெட்டாத கட்டை சுவரைப் பிடித்துக்கொண்டிருக்கும். கட்டர் சீவலைத் தடியாகத் தொடங்கி மெலிதாக முடிக்கும் கிளைம்ப் திசையையே வையுங்கள்.

சாட்டர் கோடு (அதிர்வால் பரப்பில் விழும் அலை) விழுந்தால் எமரி போட்டுத் தேய்ப்பவர்களும் உண்டு. பளபளப்பு வரும், அலை போகாது. பற்களின் இடைவெளி சமமில்லாத கட்டரும், கொலட்டிலிருந்து (கட்டரைப் பிடிக்கும் கவ்வியிலிருந்து) குறைவாக நீட்டிய கட்டரும்தான் அதற்கு மருந்து. கட்டரைப் பிடித்ததும் டயல் அளவி வைத்து ரன்-அவுட் (கட்டர் மையம் விலகிச் சுற்றுவது) பார்க்கவே மாட்டோம் என்கிற பிடிவாதம் எனக்கு இன்னும் புரியவில்லை.

வைஸை இறுக்கி, அளவு சரியாக வந்து, கழற்றியதும் வளைந்துபோனால் தாடையைக் குறை சொல்லுங்கள், மெஷினை அல்ல. ரஃபிங் முடிந்ததும் ஒருமுறை தளர்த்தி, ஜாப் தன் போக்கில் நிமிர இடம் கொடுத்து, லேசாகத் திரும்பப் பிடித்து ஃபினிஷ் செய்யுங்கள்.

செட்டிநாட்டு வெயிலை மறந்து அளப்பது இன்னொன்று. வரைபட அளவு 20 டிகிரிக்கு உரியது. சித்திரை மதியம் பட்டறைக்குள் 38 என்றால், 200 மி.மீ. நீள ஜாப் 0.03 மி.மீ. நீண்டிருக்கும், எஃகு அளவுகோல் 0.04. இரண்டும் ஒரே சூட்டுக்கு வந்த பிறகுதான் வித்தியாசத்தைக் கழிக்க முடியும். வெட்டியதும் கையோடு எடுத்து அளப்பதில் பொருளே இல்லை. சுவரின் நிலையை டயலில் பார்க்கும்போது முனை அழுத்தினாலே சுவர் சாயும் என்பதும் நினைவிருக்கட்டும்.

மெஷினுக்கு அடியில் டைட்டானியம் தூள் சேர விடாதீர்கள். பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றக்கூடாது, தீ மேலும் மூர்க்கமாகும். பக்கத்தில் ஒரு வாளி உலர்ந்த மணல் எப்போதும் இருக்க வேண்டும்.