எழுதிக்கொண்டிருக்கும் இளையோர் நாவலுக்குக் கருத்துச் சொல்வது எப்படி?

"நாவல் ஒண்ணு எழுதிக்கிட்டிருக்கேன், படிச்சிட்டு எப்படி இருக்குன்னு சொல்லுங்க" என்று ஒரு நண்பர் கோப்பை அனுப்புகிறார். "சூப்பர்" என்று பதில் போட்டால் அவருக்கு ஒரு பயனும் இல்லை. சந்திப்பிழைகளை மட்டும் திருத்தி அனுப்பினாலும் அப்படித்தான். அதுவும் இளையோர் நாவல் என்றால் இன்னும் கொஞ்சம் கவனம் வேண்டும்.

13 முதல் 18 வயது வரை உள்ளவர்களை மனத்தில் வைத்து எழுதுவது இளையோர் நாவல். ஆனால் வரைவை முதலில் படிப்பது பெரும்பாலும் முப்பது, நாற்பது வயது நண்பர்கள்தான். சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது. கதையில் வரும் பெண் ஒரு பொய் சொன்னதும் நமக்குள் இருக்கும் அப்பாவோ அம்மாவோ எழுந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். "இந்தப் பொண்ணு இப்படிப் பண்ணலாமா?" என்று கேட்பது நாவலைப் பற்றிய கருத்தே இல்லை. "அவள் ஏன் பொய் சொன்னாள் என்று எனக்குப் பிடிபடவில்லை" என்பதுதான் கருத்து. இந்த வித்தியாசத்தைக் கடைசிவரை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

1. படிக்கும் முன் கேளுங்கள்

இது எத்தனையாவது வரைவு? கதை முடிந்துவிட்டதா, பாதியில் நிற்கிறதா? படிக்கப்போகும் பிள்ளைக்கு என்ன வயது என்று நினைத்து எழுதுகிறார்? எட்டாம் வகுப்புக்கும் பிளஸ் டூவுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கிறது.

பாதி எழுதியவரிடம் "முதல் அத்தியாயத்தை மாத்துங்க" என்று சொல்லவே சொல்லாதீர்கள். அவர் அதையே திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருப்பார், கதை நான்காம் அத்தியாயத்தைத் தாண்டாது. அடுத்து என்ன நடக்கும் என்று எதற்காகக் காத்திருக்கிறீர்கள், எந்தப் பாத்திரத்தை மறந்தே போனீர்கள் என்பதை மட்டும் சொன்னால் போதும். எழுத்துப்பிழையெல்லாம் கடைசி வரைவில் பார்த்துக்கொள்ளலாம்.

2. முதல் வாசிப்பில் திருத்தாதீர்கள்

ஒரு வாசகராக மட்டும் படியுங்கள். பிடித்த இடத்தில் ஒரு டிக், குழம்பிய இடத்தில் ஒரு கேள்விக்குறி, கவனம் சிதறி போனை எடுத்த இடத்தில் ஒரு கோடு. எழுதுபவருக்கு அந்தக் கோடுதான் மிகவும் உதவும். அவரால் ஒருபோதும் கண்டுபிடிக்க முடியாத விஷயம் அது. கூகுள் டாக்ஸில் படிப்பதாக இருந்தால், கருத்து எழுதும் அனுமதியை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். அவருடைய வரியில் கை வைக்காமல் இருக்க அது உதவும்.

3. ஒரு பத்தியை எடுத்துப் பார்ப்போம்

விளக்கத்துக்காக நானே எழுதிய பத்தி இது. கயலுக்கு 16 வயது.

"கயல் மிகுந்த மனவேதனையுடன் வீட்டினுள் நுழைந்தாள். 'அம்மா, இயற்பியல் தேர்வில் நான் தோல்வியடைந்துவிட்டேன். என்னை மன்னித்துவிடுங்கள்' என்றாள். அம்மா அவள் தலையைக் கோதியபடி, 'தோல்விதான் வெற்றிக்கு முதல் படி' என்றாள்."

"உரையாடல் செயற்கையாக இருக்கிறது" என்று எழுதத்தான் நமக்குக் கை போகும். உண்மைதான். ஆனால் இதைப் படித்துவிட்டு அவர் என்ன செய்வார்? இப்படி எழுதிப் பாருங்கள்:

"இரண்டாம் அத்தியாயத்தில் கயல் தோழியிடம் 'பிசிக்ஸ் ஊத்திக்கிச்சுடி' என்றபோது அவள் குரல் எனக்குக் கேட்டது. இங்கே அது காணாமல் போய்விட்டது. அம்மாவிடம் அவள் எப்போதுமே இப்படித்தான் பேசுவாளா? மனவேதனை என்று படித்தேன், ஆனால் அவள் பயந்தாளா, கூச்சப்பட்டாளா, எரிச்சலில் இருந்தாளா என்று தெரியவில்லை. ராங்க் கார்டைக் கையெழுத்துக்கு நீட்டும் நொடிக்காகப் போன அத்தியாயத்திலிருந்தே காத்திருந்தேன். அது வராமலே போனது ஏமாற்றமாக இருந்தது."

நன்றாக வந்த இடத்தை அதே வரைவிலிருந்து காட்டியிருக்கிறீர்கள். படிக்கும்போது உங்களுக்கு என்ன ஆனது என்று சொல்லியிருக்கிறீர்கள். ஒரு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். வசனத்தை மட்டும் நீங்கள் எழுதிக் கொடுக்கவில்லை. கொடுத்தால் ஒன்று, கயல் உங்கள் குரலில் பேச ஆரம்பிப்பாள். இல்லையென்றால் அவருக்கு உங்கள் வசனம் பிடிக்காமல் போய், நீங்கள் சுட்டிய குறையையும் சேர்த்து ஒதுக்கிவிடுவார்.

4. இளையோர் நாவலில் தனியாகப் பார்க்க வேண்டியவை

சிக்கலை யார் தீர்க்கிறார்கள் என்று பாருங்கள். தமிழ் வரைவுகளில் நான் அடிக்கடி பார்ப்பது இதுதான்: கடைசி இரண்டு அத்தியாயங்களில் ஒரு நல்ல ஆசிரியரோ தாத்தாவோ வந்து எல்லாவற்றையும் சரி செய்துவிடுவார், கூடவே ஒரு அறிவுரையும் கிடைக்கும். பெரியவர்கள் உதவட்டும், தவறில்லை. ஆனால் முடிவெடுக்கும் இடத்தில் கயல் இருக்கிறாளா? இல்லை என்றால் அதைத் தயங்காமல் சொல்லுங்கள். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். நல்லொழுக்க வகுப்பின் வாசனை அடித்தால் 15 வயது வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார்.

அப்புறம் மொழி. கதையை எழுத்துத் தமிழிலும் உரையாடலைப் பேச்சுத் தமிழிலும் எழுதுவது வழக்கம். ஆனால் பாத்திரமே 'நான்' என்று கதை சொன்னால் எந்தத் தமிழில் சொல்கிறாள்? அது இடையில் மாறுகிறதா? திருநெல்வேலிப் பையன் மூன்றாம் அத்தியாயத்தில் "என்னல" என்று சொல்லிவிட்டு ஏழாம் அத்தியாயத்தில் "இன்னாடா" என்றால் குறித்து வையுங்கள். இன்றைய ரீல்ஸ் மொழியை நிறையச் சேர்க்கச் சொல்லாதீர்கள், புத்தகம் வருவதற்குள் அது பழசாகிவிடும்.

காலமும் பொருந்த வேண்டும். 2022இல் மதுரையில் நடக்கும் கதையில் ஒரு பெண் டிக்டாக்கில் வீடியோ போட முடியாது, இந்தியாவில் அதை 2020 ஜூனிலேயே தடை செய்துவிட்டார்கள். 2016இல் நடக்கும் கதையில் பிளஸ் ஒன் பொதுத்தேர்வும் வராது. தமிழ்நாட்டில் அது 2017-18 கல்வியாண்டில்தான் வந்தது. இந்த வயது வாசகர்கள் இதையெல்லாம் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

தற்கொலை, பாலியல் வன்முறை போன்றவை கதையில் வந்தால், "இதெல்லாம் பசங்களுக்கு வேண்டாம்" என்று நிறுத்திவிடாதீர்கள். பசங்கள் வாழ்க்கையில் அவை இருக்கின்றன. தற்கொலைக்கான வழிமுறை விவரமாக வந்திருந்தால் அதை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். 18 வயதுக்கு உட்பட்டவர்மீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் புகார் செய்தாக வேண்டும் என்கிறது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். கதையில் வரும் ஆசிரியர் தெரிந்தும் பேசாமல் இருக்கிறார் என்றால் அது சாதாரண மௌனம் இல்லை, அதற்குப் பின்விளைவு உண்டு. எழுதுபவர் அதைத் தெரிந்துகொண்டுதான் எழுதுகிறாரா என்று கேளுங்கள்.

5. கடிதமாக எழுதுங்கள்

ஓரக் குறிப்புகள் எத்தனை இருந்தாலும், தனியாக ஒரு கடிதம் எழுதி அனுப்புங்கள், ஒன்றரைப் பக்கம் போதும். முதல் பத்தியில், கதை எதைப் பற்றியது என்று உங்களுக்குப் பட்டதோ அதைச் சொல்லுங்கள். அவர் நினைத்ததும் நீங்கள் புரிந்துகொண்டதும் வேறு வேறாக இருந்தால், அவருக்கு அதுவே பெரிய தகவல். பிறகு நெஞ்சில் நின்ற இடங்கள், அத்தியாய எண்ணோடு. அதன்பின் பெரிய சிக்கல்கள் இரண்டோ மூன்றோ. இருபது குறைகளை அடுக்கினால் எதிலிருந்து தொடங்குவது என்றே அவருக்குத் தெரியாது. வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாக அனுப்ப வேண்டாம். ராத்திரி பதினொரு மணிக்கு வரும் "அப்புறம் இன்னொன்று" என்ற செய்தி அவரைத் தூங்க விடாது.

6. அந்த வயதில் ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள்

எழுதுபவரும் வீட்டாரும் சம்மதித்தால் 14, 15 வயதில் ஒருவரிடம் இரண்டு அத்தியாயங்களைக் கொடுங்கள். "நல்லா இருக்கா?" என்று கேட்டால் மரியாதைக்கு "நல்லா இருக்கு அங்கிள்" என்பார்கள். "எந்த இடத்துல போர் அடிச்சது? உன் கிளாஸ்ல யாராவது இப்படிப் பேசுவாங்களா?" என்று கேளுங்கள். சொன்னதை அப்படியே எழுதி அனுப்புங்கள், நீங்கள் அதற்கு விளக்கம் சேர்க்காதீர்கள்.

7. அனுப்பிய பிறகு

சில நாள் பதில் வராது. வந்தாலும் முதலில் "அதுக்குக் காரணம் என்னன்னா..." என்றுதான் தொடங்கும். வாதாட வேண்டாம், கேட்டுக்கொள்ளுங்கள். அந்த விளக்கத்திலேயே கதைக்குள் வராமல் போன ஏதோ ஒன்று இருக்கும், "இதைக் கதையில எங்க சொல்லியிருக்கீங்க?" என்று மட்டும் கேளுங்கள். நீங்கள் சொன்னதில் பாதியை அவர் எடுத்துக்கொள்ளாமல் போகலாம், அது அவர் உரிமை. அடுத்த வரைவு வந்ததும் பழைய கடிதத்தைத் திறந்து சரிபார்க்க உட்காராதீர்கள். முதலில் கதையைப் படித்து முடியுங்கள், கடிதத்தை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்.